மலைவீட்டு லினக்ஸ் கணினி: கோளாறு எங்கே பிறக்கிறது?

நீலகிரியில் ஒரு வீட்டுக் கணினி படுத்துவிட்டால், அதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருக்கும்பட்சத்தில், முதல் பழி லினக்ஸின் மேல்தான் விழுகிறது. பழுதுபார்க்கக் கொண்டுபோகும் கடையில் பெட்டியைத் திறக்கும் முன்பே "இதை எடுத்துட்டு விண்டோஸ் போட்டுடலாமா?" என்ற கேள்வி வந்துவிடும். போட்டும் தருவார்கள், கொஞ்ச நாள் ஓடும், பிறகு அதே கோளாறு வேறு முகத்துடன் திரும்பி வரும். இயங்குதளத்தை மாற்றியும் கோளாறு மாறவில்லை என்றால், அது இயங்குதளத்தில் இருந்ததே இல்லை என்றுதான் பொருள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வீடுகளில் கணினி படுத்தும் பாட்டில் பெரும்பகுதி மின்சாரம், ஈரம், கம்பி ஆகிய மூன்றிலிருந்து கிளம்புகிறது. அதைக் கண்டுபிடிப்பதற்கான சாட்சியத்தில் பாதியை லினக்ஸ் தானே எழுதி வைத்திருக்கிறது. வாசிக்கத்தான் ஆள் இல்லை.

லினக்ஸ் இந்த வீடுகளுக்குள் நுழைந்த வழியும் இந்தப் பழிக்கு ஒரு காரணம். 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற தொடக்ககாலக் கருவிகளில், விண்டோஸுக்குப் பக்கத்தில், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அக்காள் படித்து முடித்த கருவி தம்பிக்கு வந்து, விண்டோஸ் நகர மறுக்கும் நிலையில், எடை குறைந்த ஏதாவதொரு லினக்ஸ் அதில் ஏற்றப்படுகிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்த பின்பு, விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத பழைய கணினிகளுக்கும் இதுவே போக்கிடம். ஆக, லினக்ஸ் ஏறுவது பெரும்பாலும் வயதான இயந்திரத்தில். வயதான இயந்திரத்தில் ரேம் பிடி தளர்வதும், விசிறி திணறுவதும், பட்டன் பேட்டரி தீர்வதும் இயல்பு. அந்த முதுமையை இயங்குதளத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இடத்தின் இயல்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கத்தில் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்யும். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. நடுவில் உள்ள ஊட்டிக்கு இரண்டிலும் பங்கு உண்டு. 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 820 மி.மீ. மழை பதிவானது. அவ்வளவு பெய்ய வேண்டியதில்லை. ஒரு சில்வர் ஓக் கிளை முறிந்து விழுந்தாலே மின்கம்பியும் இணையக் கம்பியும் சேர்ந்து அறும். பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய 1932 முதல் சமவெளிக்கு மின்சாரம் அனுப்பிவரும் மலை இது. ஆனால் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தனித்து நிற்கும் ஒரு வீட்டில் மாலை ஏழு மணிக்கு 230 வோல்ட் கிடைக்கும் என்பதற்கு இன்றும் உத்தரவாதமில்லை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் கம்பியின் கடைசி வீட்டில், கம்பியின் மின்தடையே வோல்ட்டேஜில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. மாலையில் எல்லா வீடுகளிலும் கீசரும் ஹீட்டரும் ஓடும்போது கம்பியில் மின்னோட்டம் கூடி, அந்த இழப்பும் கூடுகிறது.

வோல்ட்டேஜ் குறைவது மட்டும் கணினியைக் கெடுத்துவிடாது. மடிக்கணினியின் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். நெருக்கடிக்கு உள்ளாவது மேசைக் கணினியின் எஸ்எம்பிஎஸ் என்ற மின்பெட்டிதான்: உள்ளே வரும் அழுத்தம் குறையக் குறைய, அதே வேலைக்கு அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது, சூடாகிறது, மின்சாரத்தைச் சிறிது நேரம் சேமித்துத் தரும் அதன் மின்தேக்கிகள் சீக்கிரம் வற்றுகின்றன. வற்றிய மின்தேக்கியின் குறை, மின்சாரம் ஒரு கணம் போய் வரும்போதுதான் வெளிப்படும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்று 20 மில்லிவிநாடி. வரத்து நின்ற பின்னும் முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லிவிநாடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது மேசைக் கணினி மின்பெட்டிகளுக்கான ஏடிஎக்ஸ் வரையறையில் நெடுங்காலமாக இருந்துவரும் எதிர்பார்ப்பு. புதிதாக இருந்தபோது அதைக் கடந்து நின்ற பெட்டி, சில ஆண்டுகள் கழித்து, விளக்கு ஒருமுறை மினுங்கினாலே கணினியை மறுதொடக்கம் செய்துவிடும். வீட்டில் மற்ற எதுவும் அணையாமல் கணினி மட்டும் அணைவதால், வீட்டார் அதைக் கரண்டின் குற்றமாகவே நினைப்பதில்லை.

இன்வெர்ட்டர் இருந்தும் கணினி அணைகிறதே என்பவர்கள் அந்த இன்வெர்ட்டரில் 'நார்மல்', 'யுபிஎஸ்' என இரு நிலை கொண்ட சிறு சுவிட்ச் ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நார்மல் நிலையில் அது ஏறத்தாழ 100 வோல்ட் வரை இறங்கிய மின்சாரத்தையும் அப்படியே வீட்டுக்குள் விடும். பேட்டரிக்கு மாறுவதும் மெதுவாகத்தான். விளக்குக்கும் விசிறிக்கும் அது போதும், கணினிக்குப் போதாது. யுபிஎஸ் நிலையில் மாற்றம் விரைவானது, ஆனால் வரத்து ஏறத்தாழ 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே அது பேட்டரிக்குத் தாவிவிடும். 'யுபிஎஸ் நிலையில் வையுங்கள்' என்பது கோயம்புத்தூரில் நல்ல அறிவுரை. மாலைதோறும் 170க்கு இறங்கும் மலைக்கம்பியில் அதே அறிவுரை, மாலைதோறும் பேட்டரியை வடித்துவிட்டு, உண்மையான மின்வெட்டு வரும்போது கைவிட்டுவிடும். இதற்கு வழி இரண்டு: இன்வெர்ட்டருக்கு முன்னால் தக்க அளவில் ஒரு ஸ்டெபிலைசர் வைப்பது, அல்லது இன்வெர்ட்டரை நார்மலிலேயே விட்டுவிட்டு, கணினிக்கும் ரூட்டருக்கும் மட்டும் வோல்ட்டேஜைத் தானே தூக்கித் தரும் லைன் இன்டராக்டிவ் வகைச் சிறு யுபிஎஸ் ஒன்றை வைப்பது. இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். செலவும் குறைவு, பழுதானால் கழற்றி எடுத்துப்போவதும் எளிது.

கணினி அணைந்தது மின்சாரத்தாலா, சூட்டாலா, மென்பொருளாலா என்பதை ஊகிக்க வேண்டிய அவசியம் லினக்ஸில் இல்லை. ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளையிடம் முந்தைய இயக்கத்தின் குறிப்பேட்டைக் கேட்டு, அதன் கடைசிப் பக்கத்துக்குப் போனால் போதும். முறையாக அணைக்கப்பட்ட கணினி, ஒவ்வொரு சேவையையும் நிறுத்தியதையும், வட்டுப் பகுதிகளை விடுவித்ததையும் வரிவரியாக எழுதிவிட்டுத்தான் போகும். சூட்டால் அணைந்திருந்தால், வெப்பம் ஆபத்தான எல்லையைத் தொட்டதால் நிறுத்துகிறேன் என்று லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் பெரும்பாலும் எழுதியிருக்கும். மின்சாரம் அறுந்திருந்தால் எதுவும் இருக்காது: 7.12க்கு ஏதோ ஒரு வழக்கமான வரி, அதோடு பேச்சு பாதியில் நின்றதுபோல் வெற்றிடம், அடுத்த இயக்கத்தின் முதல் வரி 7.31க்கு. ரேம் கோளாற்றில் கணினி உறைந்துபோனாலும் குறிப்பேடு இப்படித்தான் அறும். ஆனால் அப்போது திரை இருண்டிருக்காது, கடைசியாகக் காட்டிய படத்தோடு நின்றிருக்கும், பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைத்திருப்போம். இப்படி அறுந்த நேரங்களை ஒரு மாதத்துக்கு எடுத்துப் பார்த்து, அவை யாவும் மாலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் விழுந்தால், கடைக்காரரைவிட எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே முறை. சில லினக்ஸ் வகைகளில் இந்தக் குறிப்பேடு நினைவகத்தில் மட்டுமே இருந்து, அணைத்ததும் அழிந்துவிடும். வார் அடைவில் உள்ள லாக் அடைவுக்குள் ஜர்னல் என்றொரு அடைவை உருவாக்கிக் கணினியை மீண்டும் தொடங்கினால், அன்றிலிருந்து அது வட்டில் எழுதப்படும். கோளாறு வருவதற்கு முன்பே செய்துவைக்க வேண்டிய வேலை இது.

திடீரென்று கரண்ட் போன கணினி மறுமுறை கறுப்புத் திரையில், இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மினுக்கும் கோட்டோடு நின்றுவிடுவது, 'லினக்ஸ் அழிந்துவிட்டது' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகவைக்கும் காட்சிகளில் முதலிடம் பெறுவது. பெரும்பாலும் அழிந்தது எதுவுமில்லை. வட்டில் கோப்புகளை ஒழுங்காக வைக்கும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, தான் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் தனி ஏட்டில் எழுதிக்கொண்டு பிறகு செய்வதால், பாதியில் நின்ற வேலையை அடுத்த தொடக்கத்தில் பெரும்பாலும் தானே முடித்துக்கொள்ளும். அதனால் முடியாத அளவுக்குக் குழப்பம் நேர்ந்தால், மேலும் கெடுக்காமல் இருப்பதற்காகக் கணினி அங்கே நின்று, மனிதரின் அனுமதியைக் கேட்கிறது. திரையிலேயே எந்தப் பகுதியைச் சரிபார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கும்; எஃப்எஸ்சிகே கட்டளையை அந்தப் பகுதியின் பெயரோடு கொடுத்து, கேட்பதற்கெல்லாம் 'ஒய்' என்று விடை சொல்லி, மீண்டும் தொடங்கினால் பெரும்பாலான கணினிகள் எழுந்துவிடுகின்றன. எழுந்த பிறகு, இது ஏன் நேர்ந்தது என்று கேட்க வேண்டும். கரண்ட் போகாத நாளிலும் இதே திரை வருமானால் வட்டையே சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

வட்டைச் சந்தேகிக்கும் இடத்தில்தான் வீண்செலவு மிகுதியாக நடக்கிறது. ஹார்டு டிஸ்கும் எஸ்எஸ்டியும் தம் உடல்நிலையைத் தாமே எண்களாகப் பதிந்து வைக்கின்றன. ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பில் உள்ள ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை அந்தப் பட்டியலைக் காட்டும். மதர்போர்டோடு சாட்டா கேபிளில் இணையும் ஹார்டு டிஸ்கில் மூன்று எண்களைப் பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும். 5ஆம் எண், கெட்டுப்போனதால் மாற்றிடம் தரப்பட்ட பகுதிகளின் கணக்கு. 197ஆம் எண், வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகளின் கணக்கு. இவ்விரண்டும் ஏறிக்கொண்டே போனால் வட்டு போய்க்கொண்டிருக்கிறது. அன்றே தரவை வெளியே எடுத்துவிட வேண்டும். 199ஆம் எண் வேறு சங்கதி. வட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே கம்பி வழியாகச் செல்லும் தரவு வழியில் சிதைந்த தடவைகளை அது எண்ணுகிறது. முதல் இரண்டும் பூச்சியமாக இருந்து 199 மட்டும் ஆயிரக்கணக்கில் நின்றால், வட்டு நல்ல நிலையில் இருக்கிறது, சாட்டா கேபிளோ அதன் முனையோதான் கெட்டிருக்கிறது. ஈரக்காற்றில் முனைகள் களிம்பேறுவது நம் ஊரில் அன்றாட நிகழ்வு. கேபிளைக் கழற்றி மாட்டினாலோ, சிறு விலைக்குப் புதுக் கேபிள் வாங்கிப் போட்டாலோ தீர வேண்டிய கோளாற்றுக்குப் புது வட்டு வாங்கியவர்கள் இந்த மலையில் கொஞ்சம் பேரல்ல. புது வட்டை மாட்டும்போது கேபிளும் அசைந்து, கோளாறு தற்காலிகமாகத் தீர்ந்துவிடுவதால், வட்டுதான் கெட்டிருந்தது என்ற நம்பிக்கை உறுதிப்பட்டும் விடுகிறது. இந்த 199 ஏறுமே தவிர இறங்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும்: கேபிளை மாற்றிய பிறகு அந்த எண்ணைக் குறித்துவைத்து, அடுத்த வாரமும் அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதே சோதனை.

ஈரம் என்றதும் மேலே தண்ணீர் சொட்டுவதை எண்ண வேண்டாம். காற்று 15 டிகிரி வெப்பத்திலும் 90 விழுக்காடு ஈரப்பதத்திலும் இருக்கும்போது, அதைவிட ஒன்றரை அல்லது இரண்டு டிகிரி மட்டும் குளிர்ந்த பரப்பிலும் நீர் படியத் தொடங்கிவிடும். ஆடி மாதத்தில் இரண்டு வாரம் பூட்டிக்கிடந்த வீட்டின் கணினிப்பெட்டி, கல்சுவரின் குளிரை உள்வாங்கி, அறைக்காற்றைவிடக் குளிர்ந்தே இருக்கும். வீட்டுக்கு வந்தவர்கள் அடுப்பை மூட்டி, குளிக்க வெந்நீர் வைத்து, அறையைச் சூடேற்றியதும் அந்த ஈரக்காற்று பெட்டிக்குள் புகுந்து ரேமின் பொன்முலாம் பூசிய முனைகளிலும் மதர்போர்டிலும் பனித்துவிடும். அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்துவதுதான் ஆபத்து. அறை சூடான பிறகு இரண்டு மூன்று மணி நேரம் பெட்டி அறையின் வெப்பத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து தொடங்கினால் கெடுதல் இல்லை. மழைக்காலத்தில் கணினியைப் பாதுகாப்பதாக நினைத்துத் துணியைப் போர்த்தி மாதக்கணக்கில் மூடிவைப்பதைவிட, நாள்தோறும் சிறிது நேரம் ஓடவிடுவது நல்லது. ஓடும் கணினி சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரி சூடாக இருப்பதால் அதன்மேல் ஈரம் படியாது.

களிம்பேறிய ரேம், லினக்ஸில் விசித்திரமான முகங்களோடு வரும். ஃபயர்பாக்ஸ் காரணமின்றி மூடும், நிறுவும் மென்பொருள்தொகுப்பு சிதைந்திருப்பதாகக் கணினி சொல்லும், கெர்னல் நாளுக்கொரு விதமாகச் செயலிழக்கும். கோளாறு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வருவதே ரேமின் அடையாளம். மென்பொருள் பிழையாக இருந்தால் அதே வேலையைச் செய்யும்போது அதே இடத்தில் வரும். மெம்டெஸ்ட்86+ என்ற சோதனை நிரலைப் பென் டிரைவிலிருந்து தொடங்கி ஓர் இரவு ஓடவிட்டால் உறுதியாகிவிடும். முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்க்கும் கடைவழக்கம் பலன் தரத்தான் செய்கிறது, ஆனால் அது முலாமையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியே மேல்.

சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊட்டியின் உயரத்தில் காற்று சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது, ஆகவே விசிறி அதே வேகத்தில் சுழன்றும் குறைந்த வெப்பத்தையே வெளியேற்றுகிறது. என்றாலும் ஊட்டிக் குளிர் அந்த நட்டத்தை ஈடுகட்டிவிடுகிறது. ஹார்டு டிஸ்க் தயாரிப்பாளர்கள் பொதுவாக 3,000 மீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரத்தை இயக்க எல்லையாகக் குறிப்பிடுகிறார்கள். 2,637 மீட்டரில் உள்ள தொட்டபெட்டாவும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இனி கடிகாரம். இடி இடித்ததும் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவது மலைவீடுகளின் நல்ல பழக்கம். அதை விடச்சொல்ல முடியாது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பிளக் செருகியிருக்கும்வரை, அணைந்த மேசைக் கணினியிலும் எஸ்எம்பிஎஸ் ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தந்துகொண்டே இருக்கும். மதர்போர்டின் கடிகாரம் அதில் ஓடும். பிளக்கைப் பிடுங்கினால் அது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரியில் ஓடத் தொடங்குகிறது. இரவுதோறும், ஊருக்குப் போகும் நாள்தோறும் பிடுங்கப்படும் கணினியில் அந்தப் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடுகிறது. தீர்ந்ததும் வருவது 'கடிகாரம் தவறு' என்ற செய்தியல்ல. வங்கியின் தளம் திறக்காது, மின்னஞ்சல் திறக்காது, இணைப்பு பாதுகாப்பற்றது என்று உலாவி எச்சரிக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் குறிப்பிட்ட தேதியிலிருந்து குறிப்பிட்ட தேதிவரைதான் செல்லும் என்பதால், பின்தங்கிய தேதியில் வாழும் கணினிக்கு அவை இன்னும் பிறக்காத சான்றிதழ்கள். மென்பொருளைப் புதுப்பிக்கப் போனால், வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, இத்தனை மணி நேரம் பொறு என்று மென்பொருள் நிறுவும் கட்டளையான ஏபிடி சொல்லும். வீட்டார் இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டுச் சண்டைபோடுவார்கள். நிறுவனத்தின் ஆள் வந்து தன் செல்பேசியில் திறந்து காட்டிவிட்டு, உங்கள் லினக்ஸில்தான் பிரச்சினை என்று சொல்லிவிட்டுப் போவார்.

இணையம் கிடைத்த உடனே கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இன்றைய லினக்ஸ் வகைகளில் இருக்கத்தான் செய்கிறது. சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி கொண்ட பல வகைகளில், கடைசியாகத் தெரிந்த நேரத்தை ஒரு கோப்பில் குறித்துவைத்து, தொடக்கத்தில் அதற்கும் பின்னால் போகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. அதனால்தான் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கித் தாவாமல் சில நாட்கள் மட்டும் பின்தங்கி, கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. நேர ஒத்திசைவு அணைக்கப்பட்டிருந்தாலோ, பழைய பதிப்பில் அது நிறுவப்படாமலே இருந்தாலோ மேற்சொன்ன நாடகம் நடக்கும். டைம்டேட்சிடிஎல் கட்டளை ஒன்றே எல்லாவற்றையும் காட்டிவிடும்: கணினியின் நேரம், மதர்போர்டின் நேரம், ஒத்திசைவு நடக்கிறதா இல்லையா. பேட்டரி தீர்ந்த பழைய கணினியில், தொடக்கத்தை நடத்தும் மதர்போர்டு நிரலான பயாஸின் அமைப்புகளும் தொடக்கநிலைக்குத் திரும்பி, வட்டுகளின் வரிசை மாறி, இயங்குதளமே இல்லை என்ற செய்தி வருவதும் உண்டு. அதற்கும் மருந்து அதே பட்டன் பேட்டரிதான். நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி இருந்தால் பேட்டரியைத் தொட வேண்டாம். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில், மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் கொள்கின்றன. இந்திய நேரத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளிதான் அந்த ஐந்தரை மணி.

இணையக் கோளாற்றைப் பொறுத்தவரை, கீழிருந்து மேலே போவது என்ற ஒரே ஒழுங்கைக் கடைப்பிடித்தால் அலைச்சல் பாதியாகக் குறையும். முதலில் கம்பி, பிறகு ரூட்டர், பிறகு வெளியுலகம், கடைசியில் தளப்பெயர்கள். ரூட்டரின் முகவரியான 192.168.1.1க்கோ, அது வேறாக இருந்தால் அதற்கோ, பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளை போகவில்லை என்றால், இணைய நிறுவனத்துக்கும் இந்தக் கோளாற்றுக்கும் தொடர்பில்லை. அது போய், கூகுளின் 8.8.8.8க்குப் போகவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே. எண்ணுக்குப் போய்ப் பெயருக்குப் போகவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும்தான் கோளாறு.

கம்பியில் இடியின் வேலை தனியாகத் தெரியும். சித்திரை, வைகாசி மழையிலும் ஐப்பசி மழையிலும் இடிக்குப் பிறகு, இணையக் கேபிளைச் செருகும் லான் போர்ட் செத்துப்போவது வழக்கம். இணைப்புகளைப் பட்டியலிடும் ஐபி லிங்க் கட்டளையில் அந்த இடைமுகமே காணாமல் போய், உள்ளே உள்ள சிப்களைக் காட்டும் எல்எஸ்பிசிஐ பட்டியலிலும் அந்தச் சிப் இல்லை என்றால் அது செத்ததுதான். எந்த இயங்குதளத்தை மாற்றினாலும் எழாது. பட்டியலில் இருந்து, கேரியர் (கம்பியில் சிக்னல்) இல்லை என்று மட்டும் சொன்னால், கேபிளையும் ரூட்டரின் வேறொரு போர்ட்டையும் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும். செத்த போர்ட்டுக்கு மதர்போர்டை மாற்றத் தேவையில்லை. யுஎஸ்பியில் செருகும் லான் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு லினக்ஸ் கெர்னலிலேயே இயக்கி இருக்கிறது, செருகிய உடனே வேலை செய்யும். ஃபைபர் வந்த பிறகு இடிக்குப் பயமில்லை என்பது அரை உண்மை. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கப்படும் கேபிளில் பலத்துக்காகச் சேர்க்கப்பட்ட எஃகுக் கம்பி கடத்தும், மோடத்தின் அடாப்டரும் மின்கம்பியோடுதான் சேர்ந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கும்போது மோடத்தையும் சேர்த்துப் பிடுங்கினால்தான் பிடுங்கியதற்குப் பொருள் உண்டு.

கம்பி பாதி செத்திருக்கும் நிலை இன்னும் ஏமாற்றும். எத்டூல் கட்டளையில் வேகம் 1000 என்று வரவேண்டிய இடத்தில் 100 என்று வந்தால், கேபிளுக்குள் உள்ள நான்கு இணைக் கம்பிகளில் ஒன்றாவது அறுந்திருக்கிறது என்பது வலுவான சந்தேகம்: கிகாபிட் வேகத்துக்கு நான்கு இணையும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். சரிவில் மேலே கடையும் கீழே வீடுமாக இருப்பவர்கள் தோட்டத்தின் ஊடே லான் கேபிளை இழுக்கும்போது 100 மீட்டர் என்ற எல்லையை மறந்துவிடுகிறார்கள். மறக்காதவர்களின் கேபிளையும் குரங்கு விட்டுவைப்பதில்லை.

ஃபைபர் மோடத்தில் 'லாஸ்' விளக்கு சிவந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். அதை எல்லாரும் அறிவார்கள். சிவக்காமலே இணையம் விட்டு விட்டு வந்தால், மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் பெறப்படும் ஒளியின் அளவைப் பார்க்க வேண்டும். பரவலாக உள்ள ஜிபான் வகை ஃபைபர் இணைப்பில், ஒளியின் வலுவை அளக்கும் டிபிஎம் அலகில் கழித்தல் 27 என்பது பெறும் திறனின் விளிம்பு. கழித்தல் 20 இருந்த இடத்தில் மழை பெய்தால் 26, 27 என்று விழுகிறது என்றால், எங்கோ ஓர் இணைப்பில் நீர் இறங்குகிறது அல்லது ஒரு கிளை கேபிளை மடக்கி அழுத்துகிறது. நெட் ஸ்லோவாக இருக்கிறது என்ற புகாரைவிட, வெயிலில் இவ்வளவு, மழையில் இவ்வளவு என்ற இரண்டு எண்கள் லைன் பார்க்க வருபவரைச் சரியான கம்பத்துக்கு அனுப்பும். சில தளங்கள் மட்டும் திறந்து, சில தளங்கள் பாதியில் தொங்கினால் ஒளி அளவை விட்டுவிடலாம். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஈ முறை உள்ள வீடுகளில் ஒரு தரவுப் பொட்டலத்தின் அளவு 1500 பைட்டிலிருந்து 1492 ஆகக் குறைவதை ரூட்டர் சரியாக அறிவிக்காதபோது இப்படி நேரும்.

வைஃபையில் பழைய கல்கட்டடங்களின் சுவர் ஒரு பெரிய தடை; ஈரம் ஊறிய தடித்த சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டுவது கடினம், 2.4 ஓரளவு தாண்டும். செல்பேசியில் தெரியும் வைஃபை பெயர் லினக்ஸ் கணினியில் மட்டும் தெரியவில்லை என்றால், ரூட்டர் 12 அல்லது 13ஆம் சேனலுக்குத் தானாகப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் அவை அனுமதிக்கப்பட்டவை. ஆனால் கணினியின் வைஃபை அட்டை தன்னை அமெரிக்காவில் இருப்பதாகக் கருதினால் அந்தச் சேனல்களைக் கேட்கவே கேட்காது. ரூட்டரை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றில் நிறுத்திவிட்டால் தீர்ந்தது. எல்லாம் அறுந்துபோன மழைநாளில், செல்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் இணையத்தைப் பகிரும் டெதரிங்கை இயக்கினால் லினக்ஸ் அதை ஒரு கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டுக்குத் தனி இயக்கி எதுவும் தேவையில்லை, செல்பேசியையும் சிக்னல் கிடைக்கும் ஜன்னல் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் லினக்ஸையே குற்றம் சொல்ல வேண்டிய இடங்கள் உண்டு. பழைய பிராட்காம் வைஃபை அட்டைகள் நெடுங்காலம் தொல்லை கொடுத்தன. இப்படிப்பட்ட அட்டைகள் இயங்கத் தேவையான ஃபெர்ம்வேர் நிரலை நிறுவல் ஊடகத்திலேயே சேர்க்கும் முடிவை டெபியன் எடுத்துச் செயல்படுத்தியது 2023இல் வந்த 12ஆம் பதிப்பில்தான், அதுவரை வைஃபை இல்லாமல் நிறுவிவிட்டு விழித்தவர்கள் பலர். கணினியைத் தொடங்கும் கோப்புகள் உள்ள பூட் பகுதி பழைய கெர்னல்களால் நிரம்பிப் புதுப்பிப்பு பாதியில் நிற்பதும் லினக்ஸின் சொந்தக் கோளாறுதான். வன்பொருளா மென்பொருளா என்று பிரித்தறிய இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, நிறுவாமலே ஓடும் லைவ் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குவது: அங்கும் அதே கோளாறு வந்தால் சந்தேகம் வன்பொருளின் மேல் திரும்பும், வராவிட்டால் நிறுவிய லினக்ஸின் மேல். மற்றொன்று, கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலின் மேம்பட்ட தேர்வுகளில் முந்தைய கெர்னலைத் தேர்ந்து தொடங்குவது: பழையதில் வரும் வைஃபை புதியதில் வராவிட்டால் குற்றவாளி புதுக் கெர்னல். அப்போதும் இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவ வேண்டியதில்லை. அடுத்த திருத்தம் வரும்வரை பழைய கெர்னலையே இயல்பாகத் தொடங்கும்படி அமைத்துவிட்டு, துப்புரவுக் கட்டளை அதை நீக்கிவிடாதபடி நிறுத்திவைத்தால் போதும்.